வலது அக்குளில் ஒரு புள்ளி

ஸ்கேன் பிரிவில் எங்கேயும் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று உண்டு. சொந்தக்காரருக்கு யாரும் ஊசி போடக் கூடாது. பெற்ற தாயாக இருந்தாலும் சரி, ஒன்றுவிட்ட சித்தப்பாவின் மைத்துனராக இருந்தாலும் சரி, வேறு ஆள்தான் குத்த வேண்டும். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இது எல்லோருக்கும் தெரிந்துவிடும். குட்டிக்கும் தெரியும். தலையில் பாதி முடியை அங்கேயே கொட்டியவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

குட்டி என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பதைத் தாண்டியவன். அந்தப் பிரிவில் மூத்த டெக்னீஷியன். ஆனால் அவனுக்கு ஓர் அக்கா இருந்தாள். அவள் அன்று காலை வரவேற்பறையில் அத்தனை பேர் முன்னாலும் "டேய் குட்டி, எந்தப் பக்கம்டா வரணும்?" என்று கூப்பிட்டதில், அவன் இவ்வளவு காலம் சேர்த்துவைத்திருந்த மரியாதையெல்லாம் காற்றில் போயிற்று. சரி, நாமும் குட்டி என்றே வைத்துக்கொள்வோம்.

அக்காவுக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்து, அறுவை முடிந்து, மருந்து ஏற்றி, உதிர்ந்த முடியும் மறுபடி வளர்ந்தாகிவிட்டது. நோய் முழுதாகப் போய்விட்டதா, எங்காவது பதுங்கி இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த ஸ்கேன். அத்தான் அவளைக் கொண்டுவந்து விட்ட கையோடு, வண்டிக்கு நிழல் பார்த்து நிறுத்தப்போகிறேன் என்று கிளம்பிவிட்டார். ஆஸ்பத்திரி என்றாலே அவருக்கு ஆகாது. நிழல் தேடுகிற மனுஷன் மத்தியானம்வரை கண்ணில் படமாட்டார் என்பது அக்காவுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும்.

ஊசி போடுவதற்கென்றே அங்கே ஒரு நர்ஸ் அம்மாள் இருந்தாள். ஒளிந்து விளையாடுகிற நரம்பைக்கூட முதல் முயற்சியிலேயே பிடித்துவிடுவதால் அவளுக்கு 'ஒரே குத்து' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அவளுக்குத் தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு வந்ததும் அக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

"உங்க கை நல்ல கைதாம்மா, நான் ஒண்ணும் குறை சொல்லல. ஆனா என் தம்பி இங்க இருக்கும்போது நான் எதுக்கு இன்னொருத்தர்கிட்ட குத்து வாங்கணும்?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. அவருக்குத்தான் கை நடுங்கும்," என்றாள் ஒரே குத்து.

"இவனுக்கா? என் உள்ளங்கையில ஏறின கண்ணாடிச் சில்லை எட்டு வயசுலயே ஊக்கை வெச்சு எடுத்தவன் இவன். அப்பவே நடுங்கல."

ஒரே குத்து குட்டியைப் பார்த்தாள். முடியாது என்று சொல்லுங்களேன் என்பது அந்தப் பார்வை. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்கா கேட்டு அவன் மாட்டேன் என்றதாகச் சரித்திரமே இல்லை.

அந்த மருந்து வேறொன்றுமில்லை, சர்க்கரைதான். அதோடு கதிர்வீசுகிற ஓர் அணுவை ஒட்டவைத்திருப்பார்கள். உடம்பில் எந்த இடத்துக்குப் பசி அதிகமோ அந்த இடம் அந்தச் சர்க்கரையை அள்ளி விழுங்கும், இயந்திரம் அதைக் கண்டுபிடித்துப் படம் போடும். திரையில் உடம்பு வெளிறித் தெரியும், சர்க்கரை சேர்ந்த இடம் கறுப்பாகத் தெரியும். புற்றுநோய்ச் செல்லைப் போல அடங்காப் பசிக்காரன் உடம்பில் வேறு யாரும் இல்லை. எங்கே ஒளிந்தாலும் தின்கிற தீனியே காட்டிக்கொடுத்துவிடும்.

இடது பக்கம் அறுவை செய்த பக்கம் என்பதால் வலது கையில்தான் ஊசி. கனத்த உலோகக் கவசத்துக்குள் இருந்த சிரிஞ்சை அவன் பிடித்துக்கொண்டான். நரம்பு கிடைத்தது. கவசத்தின் கனத்தில் விரலுக்கு எதுவும் சரியாகப் பிடிபடாது, எந்நேரமும் முழங்கை மடிப்பையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அப்போது பார்த்து அக்கா எட்டி, இடது கையால் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

"இப்படி வேர்க்குதே, ஏசி ஓடுதா இல்லையாடா?"

அவள் எட்டியதில் வலது முழங்கையும் கொஞ்சம் மடிந்தது. "ஆடாதேக்கா," என்று அதட்டி, கையை நேராக்கி, மீதி மருந்தையும் செலுத்தி முடித்தான். பஞ்சை வைத்து ஒட்டினான். அக்கா முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

பிறகு அவளை ஓய்வறையில் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, போர்வை போர்த்தி, நிபந்தனைகளைச் சொன்னான். மருந்து உடம்பெல்லாம் பரவுகிறவரை அசையக் கூடாது. எதையும் மெல்லக் கூடாது. கையைப் பிசையக் கூடாது. முக்கியமாகப் பேசக் கூடாது. எந்தத் தசை வேலை செய்தாலும் அது சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், பேசினால் தொண்டை கறுப்பாக விழும், டாக்டர் குழம்பிப்போவார்.

"அப்ப ஒரு மணி நேரம் ஊமையா இருக்கணுமா?"

"ஆமா."

"அதுக்கு அந்த ஆபரேஷனே தேவலாம்டா," என்றாள் அக்கா. அவன் கதவைச் சாத்தினான்.

*

படம் கீழேயிருந்து மேலாக வரும். அக்கா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவைத்துக்கொண்டு படுத்திருக்க, படுக்கை கொஞ்சம் கொஞ்சமாக வளையத்துக்குள் நகர்ந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குட்டி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொடை சுத்தம். சிறுநீர்ப்பை கறுப்பு, அது எல்லோருக்கும் கறுப்புதான். இரண்டு சிறுநீரகம். ஈரலில் ஒன்றும் இல்லை. முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகப் பார்த்தான். ஒன்றும் இல்லை. இதயம் வழக்கம்போல. அடுத்து இடது மார்பு இருந்த இடம். வெள்ளை வெளேரென்று இருந்தது.

அதற்கும் மேலே தொண்டை வந்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குரல்நாண்கள் இரண்டும் கன்னங்கரேல் என்று, லாடம் அடித்த மாதிரி இருந்தன. தனியறையில், பக்கத்தில் ஈ காக்காய் இல்லாமல், இந்த மனுஷி யாரிடம் பேசினாள்?

சிரிப்பு பாதியில் நின்றது. வலது அக்குளில் ஒரு புள்ளி.

மிளகளவு இருக்கும். சந்தேகப்படத் தேவையில்லாத கறுப்பு. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தான். படத்தைத் திருப்பிப் பார்த்தான், வெட்டிப் பார்த்தான், பக்கவாட்டில் பார்த்தான். எப்படிப் பார்த்தாலும் அது, எல்லோர் அக்குளிலும் இருக்கிற நிணநீர் முடிச்சுகளில் ஒன்றுக்குள்தான் இருந்தது. இடது பக்கத்து நோய் இடது அக்குளுக்கு வந்தால் அது ஒரு கதை. உடம்பின் நடுவைத் தாண்டி வலது பக்கம் வந்துவிட்டால் அது வேறு கதை. அதற்குப் பிறகு டாக்டர்கள் 'குணமாக்கலாம்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'கட்டுக்குள் வைக்கலாம்' என்பார்கள். எத்தனையோ பேர் படத்தில் அவன் இப்படிப் புள்ளியைப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு வெளியே போய், "படம் முடிஞ்சுது, டாக்டர் சொல்வாங்க," என்று கல்லு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். இன்று அந்த முகம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

அப்போதுதான் ஊசியின் ஞாபகம் வந்தது.

நரம்புக்குள் போக வேண்டிய மருந்து சில சமயம் ஊசி நகர்ந்து வெளியே சதையில் கசிந்துவிடும். கசிந்த மருந்தை நிணநீர் வாரிக்கொண்டு போய் அதே கையின் அக்குளில் சேர்த்துவைக்கும். அங்கே உள்ள முடிச்சு ஒரு பாவமும் அறியாதது. ஆனால் படத்தில் நோய் வந்த மாதிரியே கறுத்து நிற்கும். ஊசி போட்டது வலது கை. கறுத்தது வலது அக்குள். அக்கா எட்டினாள், முழங்கை மடிந்தது. அப்போது விரலில் ஓர் இறுக்கம் தெரிந்ததா? தெரிந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. இப்போது யோசித்துப் பார்த்தால் எதை வேண்டுமானாலும் தெரிந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

வேலைக்கு வந்த நாள்முதல் அவனுக்கு இருந்த ஒரே வேண்டுதல், என் கையால் ஒரு தப்பும் நடந்துவிடக் கூடாது என்பது. அன்று முதல்முறையாக அதைத் தலைகீழாக வேண்டிக்கொண்டான். நான் சொதப்பியிருக்க வேண்டும். கண்டிப்பாகச் சொதப்பியிருக்க வேண்டும். கடவுளே, என்னைவிடக் கையாலாகாதவன் இந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கக் கூடாது.

*

அக்கா உடை மாற்றிக்கொண்டு வந்து நடையில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். முழுக்கைச் சட்டை மணிக்கட்டுவரை இறங்கியிருந்தது. அடுத்த ஆளின் நரம்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டு ஒரே குத்து பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"அக்கா, ஊசி போடும்போது எரிஞ்சுதா?" சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டான். குரல் ஒத்துழைக்கவில்லை.

அக்கா அவனைப் பார்த்தாள். அப்புறம் ஒரே குத்தைப் பார்த்தாள். "எரியறதா? ஊசி போட்டதே எனக்குத் தெரியலடா. எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல."

"கொஞ்சம்கூட வலிக்கலியா? நல்லா யோசிச்சுச் சொல்லு. ஊசி குத்தும்போது இல்ல, மருந்து போகும்போது."

"அதான் சொல்றேனே, ஒண்ணும் இல்லேன்னு." அவள் ஒரே குத்தின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். "என் உடம்புல எத்தனையோ பேர் குத்தியிருக்காங்கம்மா. இந்த மாதிரிக் கை நான் பாத்ததில்ல. தங்கமான கை."

குட்டிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "கையைக் காட்டு, பாக்கறேன்."

"என்னத்தப் பாக்கப்போறே? பஞ்சு ஒட்டியிருக்கு, அவ்வளவுதான்." அவள் சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். "காலையிலேருந்து பட்டினி போட்டிருக்கே, உங்கத்தான் எங்க நிழல்ல தூங்கறாரோ தெரியல, நான் போய் எதையாவது சாப்பிடறேன். படம் எப்படி இருக்கு?"

"டாக்டர் சொல்வாங்க," என்றான் அவன்.

இந்த வார்த்தையைத்தான் அவன் எல்லோரிடமும் சொல்வான். அவள் ஒரு நொடி நின்றாள். ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்தாள்.

ஒரே குத்து அவன் அருகே வந்து, "என்ன ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள். அவன் சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். "நான் அப்பவே சொன்னேன்," என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மைக்காகவே அவளுக்கு வேறு நல்ல பெயராக வைத்திருக்கலாம்.

*

டாக்டரம்மா படங்களைப் படிக்கிற அறை எப்போதும் இருட்டாக இருக்கும். அவள் அக்காவின் படத்தைத் திறந்தாள், மேலும் கீழும் ஓட்டினாள், வலது அக்குளில் வந்து நின்றாள். நின்ற இடத்திலிருந்து கர்சர் நகரவே இல்லை. குட்டி பின்னால் நின்று அந்தக் கர்சரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊசி எந்தக் கை?"

"வலது கை, டாக்டர். கசிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்."

"யார் போட்டது?"

"நான்தான்."

அவள் நாற்காலியைத் திருப்பினாள். "உங்க சொந்த அக்காவுக்கு நீங்களா?"

"ஆமா, டாக்டர்."

"கசிஞ்சதைப் பாத்தீங்களா? வீங்குச்சா? அவங்க வலிக்குதுன்னு சொன்னாங்களா?"

பொய் சொல்ல ஆசையாக இருந்தது. ஆமாம் என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் தீர்ந்துவிடும். ஆனால் எதுவும் தீராது, அறிக்கையில் எழுதுவது மட்டும்தான் மாறும், புள்ளி மாறாது என்பது அவனுக்குத் தெரியாததா? "வீக்கம் எதுவும் நான் கவனிக்கல. அவங்ககிட்ட கேட்டேன். வலிக்கவே இல்லேன்னு சாதிக்கறாங்க."

டாக்டரம்மா மறுபடி திரையைப் பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. ஆனால் ஆறுதலுக்காக ஒரு சொல் சொல்கிற ரகமும் இல்லை. "இது கசிவா இருக்கணும்னு நீங்க ஆசைப்படறீங்க. எனக்கும் அப்படித்தான் இருக்கு. அதனாலதான் நாம ரெண்டு பேரும் இதை லேசுல நம்பக் கூடாது. வலி இல்ல, வீக்கம் இல்லேன்னா நான் இதை நோய்னு சந்தேகப்பட்டுத்தான் ஆகணும். ஊசி குத்திச் சதை எடுத்துப் பாக்கணும்னு எழுதணும்."

"கையைத் தூக்கி வெச்சுப் படம் எடுத்ததால முழங்கை படத்துல வரல, டாக்டர். முழங்கையை மட்டும் ஒரு தடவை எடுத்துடலாமா? கசிஞ்சிருந்தா மருந்து அங்கயே தேங்கி நிக்கும்."

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். அவங்க எங்க?"

போய்விட்டாளே!

அவன் வெளியே ஓடிவந்து போன் செய்தான். அணைத்துவைக்கப்பட்டிருந்தது. ஸ்கேனுக்கு முன்னால் அணைத்துவைக்கச் சொன்னதே அவன்தான். அத்தானுக்கு அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தது. அந்த மருந்து ஒவ்வொரு நிமிடமும் தேய்ந்துகொண்டே போகிற மருந்து. சாயங்காலத்துக்குள் அக்கா உடம்பில் பேருக்குத்தான் மிச்சமிருக்கும். இயந்திரமும் சும்மா இல்லை. ஒரே குத்து அடுத்த ஆளுக்கு மருந்தைச் செலுத்தியாகிவிட்டது, அவருக்கு நேரம் ஓட ஆரம்பித்துவிட்டது. இடையில் கிடைக்கிற சின்னச் சந்தில்தான் அக்காவை நுழைக்க வேண்டும். லிஃப்ட் வருகிற வழியாக இல்லை. படிக்கட்டில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான்.

வாசலில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. வண்டிகள் நிற்கிற இடத்தில் அத்தானும் இல்லை, வண்டியும் இல்லை. வீட்டுக்கே போய்விட்டார்களோ? அப்புறம் நிதானித்து யோசித்தான். பசி வந்தால் அக்கா வீடுவரை தாங்கமாட்டாள். எதிர்த்த வாடையில் இருந்த டீக்கடையைப் பார்த்தான். உள்ளே பெஞ்சில் அக்கா பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள். எதிரே அத்தான், போனைச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் எந்தக் கையால் சாப்பிடுகிறாள் என்பதைத்தான் அவன் முதலில் கவனித்தான். இடது கையால். வலது கை மடியில் கிடந்தது. அக்கா இடதுகைப் பழக்கக்காரி இல்லை.

மூச்சு வாங்க நின்றவனைப் பார்த்ததும் அவள் பன்னைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஒண்ணும் இல்லக்கா. நீ கொஞ்சம் ஆடிட்டே போல, ஒரு படம் மங்கலா விழுந்துடுச்சு. ஒரே ஒரு படம் மட்டும் மறுபடி எடுத்துக்கலாம், வா."

"நான் ஆடவே இல்லியேடா."

"ஆடியிருக்கே."

"எந்த இடத்துல?"

அவன் மென்று முழுங்கினான். "கைக்கிட்ட."

அத்தான் எழுந்து நின்றார். மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். "தம்பி, எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க," என்றார். எதையும் சொல்லிவிடாதே என்று கெஞ்சியது அவர் முகம்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, அத்தான். சின்ன வேலை."

அக்கா ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்து வந்தாள். தெருவைக் கடக்கும்போது அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா கேள்வி கேட்காமல் வந்தது இதுவே முதல் தடவை.

*

முழங்கைக்கு மட்டும் படம் எடுக்க அதிக நேரம் ஆகாது. ஆனால் திரை வெறுமையாக இருந்த அந்தச் சில நிமிடங்களை அவன் எப்படிக் கழித்தான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. டாக்டரம்மா எழுந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள். அவள் அப்படி வந்து நிற்கிறவள் இல்லை. ஒரே குத்தும் அடுத்த ஆளை வாசலிலேயே உட்காரவைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

முழங்கை வெறுமையாக வந்துவிட்டால்? புள்ளி நிஜமாகிவிடும். அக்கா மறுபடி மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும், மறுபடி முடி கொட்டும், அதற்குப் பிறகும் யாரும் எந்த உறுதியும் தரமாட்டார்கள். அதை அவள் முகத்தைப் பார்த்து யார் சொல்வது? நான் சொல்லமாட்டேன் என்று நினைத்துக்கொண்டான். அடுத்த நொடியே, வேறு யாரும் சொல்லவும் விடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டான்.

படம் வந்தது.

முழங்கை மடிப்பில் மை கொட்டிய மாதிரி ஒரு கறுப்பு. அதிலிருந்து மேல்கையில் ஒரு மெல்லிய கோடு கிளம்பி அக்குளை நோக்கிப் போயிற்று. அந்தக் கோட்டைக் கண்டால் போதும், குழந்தைகூடச் சொல்லிவிடும் மருந்து எந்த வழியாக நடந்துபோயிருக்கிறதென்று.

"நல்லா சொதப்பியிருக்கீங்க," என்றாள் டாக்டரம்மா.

தன் வாழ்க்கையில் இப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை என்று குட்டிக்குத் தோன்றியது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உட்கார நாற்காலி தேடினான், கிடைக்கவில்லை, குப்பைக்கூடையின் மூடிமேல் உட்கார்ந்தான், அது உள்ளே போயிற்று. ஒரே குத்து அவன் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

டாக்டரம்மா அதோடும் விட்டுவிடவில்லை. அக்காவைத் தன் அறைக்கு அழைத்துப்போய், வலது அக்குளில் அல்ட்ராசவுண்ட் வைத்துத் தானே பார்த்தாள். அந்த நிணநீர் முடிச்சு மெலிந்து, நல்ல வடிவத்தோடு, தன் பாட்டுக்குக் கிடந்தது. "இது உங்க தம்பி பண்ணின வேலை. மத்தபடி உடம்புல எங்கயும் நோய் தெரியல," என்று அக்காவிடமே நேராகச் சொல்லிவிட்டாள். அப்புறம் வாசலில் நின்ற குட்டியிடம், "நடந்ததை அப்படியே எழுதிக் கொடுங்க. சொந்தக்காரங்க மேல இனிமே கை வெச்சா, உங்களை வரவேற்புல உக்கார வெச்சுடுவேன்," என்றாள். சரி டாக்டர், சரி டாக்டர் என்று அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

*

அத்தானுக்குச் சேதி சொன்னதும் அவர் வண்டியை எடுத்து வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். எங்காவது தனியாக நின்று அழுதுவிட்டுத்தான் வருவார், அதற்கு நேரம் ஆகும். அக்காவும் தம்பியும் வாசல் படியோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"கையைக் காட்டு," என்றான் குட்டி.

இந்தமுறை அவள் மறுக்கவில்லை. சட்டைக் கையை மேலே ஏற்றினாள். முழங்கை மடிப்பு உப்பிச் சிவந்திருந்தது. தொட்டதும் பல்லைக் கடித்தாள்.

"எரிஞ்சுதாக்கா?"

"உயிர் போச்சுடா. நெருப்பை உள்ள விட்ட மாதிரி இருந்தது."

"ஏன்க்கா சொல்லல? எத்தனை தடவை கேட்டேன்! நீ எரியுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இப்படிச் செத்துப் பிழைச்சிருக்க மாட்டேனே!" அவனுக்குக் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு நேரம் வராததெல்லாம் சேர்ந்து வந்தது.

"நீதானே பேசக் கூடாதுன்னு சொன்னே. அதான் பேசல." அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

"என் காதுல பூ சுத்தாதே. உன் தொண்டை படத்துல கன்னங்கரேல்னு விழுந்திருக்கு. ரூமுக்குள்ள ஒரு மணி நேரமும் நீ பேசிட்டுத்தான் இருந்திருக்கே."

சிரிப்பு நின்றது. "அதுகூடவா தெரியும்?"

"எல்லாம் தெரியும். யார்கிட்ட பேசினே? அங்க ஒருத்தரும் இல்லியே."

அக்கா சட்டைக் கையை இறக்கிவிட்டாள். தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல ஒரு வழி தேடிப் பார்த்தாள் என்றுதான் தோன்றியது, கிடைக்கவில்லை.

"உன்கிட்டத்தான்," என்றாள். "படத்தை முதல்ல நீதானே பாக்கப்போறே. மறுபடி வந்திருந்தா நீ அங்க தனியா உக்காந்து பாப்பியே, அப்புறம் வெளிய வந்து என் மூஞ்சியப் பாக்கணுமே. நீ தாங்கமாட்டேடா குட்டி. அதான், நீ வந்ததும் நான் முந்திக்கிட்டு என்ன சொல்லணும்னு சொல்லிச் சொல்லிப் பாத்துட்டிருந்தேன்."

"என்ன சொல்லிப் பாத்தே?"

"'பரவால்லடா, எனக்கு ஒண்ணும் பயமில்ல.' அவ்வளவுதான். குரல் நடுங்காம ஒரு தடவையாவது வரும்னு பாத்தேன்." அவள் வலது கையை மெல்லத் தூக்கி, வலியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "கடைசிவரைக்கும் வரவே இல்ல."